தன்னைத்தான் எழுப்பும் பொறி

நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரைக்கும் ஒரு காலத்தில் சிறியதொரு புகையிரதம் ஓடியது. 1903, 1904 ஆம் ஆண்டுகளில் திறக்கப்பட்ட அந்தப் பாதைக்கு உடப்புசல்லாவைப் பாதை என்று பெயர். பெயர் அவ்வாறிருந்தும் அது உடப்புசல்லாவையை எட்டவேயில்லை, இராகலையோடு நின்றுவிட்டது. கொழும்பிலிருந்து 1885 இல் நானுஓயாவுக்கு ஏறிவந்த பெரிய பாதையின் தண்டவாளங்களுக்கிடையே ஐந்தரை அடி அகலம். இந்தச் சிறு பாதையிலோ இரண்டரை அடிதான். ஆகவே தோட்டங்களுக்கு வரும் பொருள்கள் நானுஓயாவில் பெரிய வண்டியிலிருந்து இறக்கப்பட்டுச் சிறிய வண்டியில் ஏற்றப்பட வேண்டியிருந்தது. பெரிய வண்டியால் வளைந்து ஏற முடியாத மலையில் சிறிய வண்டி ஏறியது. 1948 இல் அப்பாதை முற்றாக மூடப்பட்டது.

நேயர்களே, இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் புகையிரதமன்று, கணினி. பழைய சேவையகக் கணினி ஒன்றுக்கு யுனிக்ஸ் வகைப் பணிசெயல் முறைமையை வலையமைப்பின் கம்பிவழியாக ஏற்றி நிறுவும் முறை எவ்வாறு தோன்றியது என்பதே பொருள். இராகலைப் புகையிரதத்தை நான் முதலில் நினைவூட்டியதற்குக் காரணம் உண்டு. பெரிய முறைமை ஒன்று ஏறுவதற்கு முன்னர் மிகச் சிறியதொரு பாதை வேண்டும் என்பதே இவ்வரலாற்றின் உட்பொருள்.

மின்சாரம் பாய்ந்த அக்கணத்தில் கணினிக்கு ஒன்றுமே தெரியாது. தனக்கு வட்டு இருக்கிறதா, திரை இருக்கிறதா என்பதைக்கூட யாரேனும் சொல்லிக்கொடுக்க வேண்டும். சொல்லிக்கொடுக்கும் நிரலோ வட்டில் இருக்கிறது. வட்டைப் படிப்பதற்கோ முதலில் ஒரு நிரல் வேண்டும். இந்தச் சிக்கலை ஆங்கிலம் பேசுவோர், சப்பாத்து வாரைத் தானே இழுத்துத் தன்னைத் தூக்கிக்கொள்ளும் வேடிக்கையோடு ஒப்பிட்டனர். கணினியை எழுப்புவதற்கு இன்றும் வழங்கும் 'பூட்' என்னும் சொல் அந்தச் சப்பாத்திலிருந்து வந்ததேயாம். 1960களில் இயக்குநர் ஒருவர் பொறியின் முகப்பிலுள்ள ஆளிகளை மேலும் கீழும் தட்டி, முதற்சில கட்டளைகளைக் கையாலேயே ஊட்டுவார். அக்கட்டளைகள் துளைநாடாவைப் படிக்கும். நாடா அதனினும் பெரிய நிரலைக் கொணரும். ஓர் ஆளியைத் தவறாகத் தட்டினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

யுனிக்ஸ் பிறந்தது 1969 இல், அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில். கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் அதன் தந்தையர். 1973 இல் அது சி என்னும் மொழியில் திருப்பி எழுதப்பட்டமையால், ஒரு பொறிக்கென்றே பிறந்த முறைமை வேறு பொறிகளுக்கும் குடிபெயரத்தக்கதாயிற்று. குடிபெயர்ச்சி என்றால் அக்காலத்தில் காந்தநாடாச் சுருள்தான். பல்கலைக்கழகங்களுக்கு யுனிக்ஸ் தபாலில் சென்றது. பெற்றவர் நாடாவை மாட்டி, வட்டில் இறக்கி, பின் எழுப்பினார். கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தார் 1983 இல் வெளியிட்ட 4.2 பீ.எஸ்.டி. என்னும் பதிப்பில், இன்று இணையம் நிற்கும் டி.சி.பி., ஐ.பி. நெறிமுறைகள் சேர்ந்தன. அதற்குப் பத்தாண்டு முன்னரே, 1973 இல், செரொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் ஈதர்நெட் கருக்கொண்டிருந்தது. கம்பியும் இருந்தது, அக்கம்பியில் பேசத் தெரிந்த யுனிக்ஸும் வந்துவிட்டது.

எனினும் கம்பிவழியே முறைமையை ஏற்றலாம் என்னும் எண்ணத்தைத் தந்தது அறிவின் ஆர்வம் மட்டுமன்று, வறுமையும்தான். 1982 இல் தொடங்கப்பட்ட சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம், ஒருவர் மேசையில் ஒரு யுனிக்ஸ் பொறியை வைக்க முனைந்தது. அக்காலத்தில் வட்டின் விலையோ பொறியின் விலையில் பெரும்பகுதியை விழுங்கியது. எனவே வட்டே இல்லாத மேசைப்பொறிகளைச் செய்து, அறையின் மூலையில் நிற்கும் ஒரு சேவையகத்தின் வட்டைக் கம்பிவழியே அவையெல்லாம் பகிர்ந்துகொள்ளுமாறு வைத்தனர். என்.எப்.எஸ். என்னும் கோப்புப் பகிர்வு முறை இத்தேவையை ஒட்டி வளர்ந்தது. வட்டில்லாத பொறி எழ வேண்டுமானால் கம்பிவழியேதான் எழ வேண்டும். பின்னாளில் வட்டு மலிந்தது. ஆனால் வெட்டிய பாதை கிடந்தது. வட்டுள்ள பொறிக்கும் புதிய முறைமையை நிறுவ அப்பாதையே பயன்பட்டது.

அப்பாதையில் நடக்கும் உரையாடலைத் தோட்டத்து வழக்கில் சொன்னால் எளிதில் விளங்கும். விடியுமுன் தப்படித்து எழுப்பிய காலத்தையும், பெரட்டுக்களத்தில் கங்காணி பெயர் வாசித்த காலத்தையும் நம் முதியோர் அறிவர். செக்ரோலில் பெயர் இருந்தால்தான் வேலை. வேலை இருந்தால்தான் பேர் விழும். வட்டில்லாப் பொறியும் விழித்தவுடன் பெரட்டுக்கு வந்த புதிய ஆளைப் போன்றதே. தன் பெயர் அதற்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஈதர்நெட் அட்டையில் தொழிற்சாலையிலேயே பொறித்த நாற்பத்தெட்டுத் துணுக்கு எண் ஒன்றுதான். அவ்வெண்ணைச் சொல்லி, 'என் முகவரி யாது? அறிந்தவர் யாரேனும் சொல்லுங்கள்' என்று கம்பியிலுள்ள எல்லோருக்கும் கேட்கக் கூவுகிறது. சேவையகம் தன்னிடமுள்ள செக்ரோலைப் பார்த்து, 'இந்த எண்ணுடையவனுக்கு இந்த முகவரி' என விடையளிக்கிறது. ஆர்.ஏ.ஆர்.பி. என்னும் இம்முறையை 1984 ஜூன் மாதத்தில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தார் நால்வர் எழுதி வெளியிட்டனர். அதில் ஒரு குறையிருந்தது. முகவரியைத் தவிர வேறொன்றையும் அது சொல்லாது. அன்றியும், ஒரு தோட்டத்துக் கூவல் அடுத்த தோட்டத்துக்குக் கேளாதவாறு, ஒரே கம்பித் தொகுதிக்கு அப்பால் அது செல்லாது.

முகவரி கிடைத்த பின்னர் முதல் நிரலைக் கொணர வேண்டும். அதற்கென அமைந்த சிறுபாதைதான் டி.எப்.டி.பி. என்பது. நோயல் சியாப்பா முதலில் வகுத்த இதனை மசாசூசெட்ஸ் தொழினுட்ப நிலையத்தைச் சேர்ந்த கேரன் சோலின்ஸ் 1981 இல் ஒழுங்குற எழுதி வெளியிட்டார். இதன் எளிமையை எண்ணுந்தோறும் வியப்பே மிகுகிறது. கோப்பை 512 பைட்டுத் துண்டுகளாக வெட்டுவது, ஒரு துண்டை அனுப்புவது, 'பெற்றேன்' என்ற விடை வரும்வரை அடுத்த துண்டை அனுப்பாதிருப்பது, அவ்வளவே. மலைநாட்டு ஒற்றைப் புகையிரதப் பாதையில் நிலைய அதிபர் வளையத்தோடு கூடிய வில்லையைச் சாரதியிடம் நீட்டுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். வில்லை கைக்கு வராமல் வண்டி அடுத்த பகுதிக்குள் நுழையாது. டி.எப்.டி.பி.யும் வில்லை முறைதான். இவ்வளவு எளிதாக இருந்தமையால்தான் அதனைப் பேசத் தெரிந்த நிரலை ஒரு சிறு சில்லினுள் அடக்க முடிந்தது.

எளிமையிலும் ஒரு பிழை ஒளிந்திருந்தது. வழியில் தாமதித்த ஒரு துண்டை இழந்துவிட்டதாக எண்ணி அனுப்பியவர் மீண்டும் அனுப்பினால், பெறுபவர் இரண்டுக்கும் விடை சொல்வார். அவ்விரு விடைக்கும் அடுத்த துண்டு இருமுறை அனுப்பப்படும். அவற்றுக்கும் இரு விடை வரும். இப்படியே கோப்பு முடியும்வரை ஒவ்வொன்றும் இரட்டிப்பாகவே ஓடும். மந்திரம் பாதி கற்ற சீடன் துடைப்பத்தைத் தண்ணீர் சுமக்க ஏவிவிட்டு நிறுத்தத் தெரியாமல் தவித்த ஐரோப்பியக் கதையை வைத்து இப்பிழைக்குப் பெயரிட்டார்கள். 1992 இல் வெளிவந்த திருத்தப் பதிப்பில் இது களையப்பட்டது. மற்றொரு வரம்பும் உண்டு. துண்டுகளுக்கு இடும் எண் 65,535 ஐத் தாண்டாது; ஆகையால் பழைய முறைப்படி ஏறத்தாழ 32 மெகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பு இவ்வழியே வராது. முழு முறைமையையும் இதிலேற்ற எண்ணுவது இராகலைப் பாதையில் பெரிய எஞ்சினை ஓட்ட எண்ணுவதற்குச் சமம். முதல் நிரல் மட்டும் இதில் வரும். அது வந்து சேர்ந்ததும் என்.எப்.எஸ். அல்லது இணையப் பக்கங்களைக் கொணரும் நெறிமுறை என்னும் அகலப் பாதை திறக்கும். எஞ்சியவை அதில் வரும்.

1985 செப்டெம்பரில் ஸ்டான்போர்டின் பில் குறொப்ட்டும் சன் நிறுவனத்தின் ஜோன் கில்மோரும் வகுத்த பூட்.பி. என்னும் முறை, முகவரியோடு சேவையகத்தின் பெயரையும் கொணரவேண்டிய கோப்பின் பெயரையும் ஒரே சீட்டில் எழுதித் தந்தது. ஒரு கம்பித் தொகுதியின் கூவலை மற்றொன்றுக்குக் கடத்தும் தரகரையும் அனுமதித்தது. அதன் வழிவந்ததே 1993 இல் தோன்றி 1997 இல் செம்மையுற்ற டி.எச்.சி.பி. இன்று நம் கைபேசி வீட்டு வலையமைப்பில் சேரும்போதெல்லாம் முகவரி பெறுவது இம்முறையாலேயே. 1990களின் பிற்பகுதியில் இன்டெல் நிறுவனம் இவற்றையெல்லாம் கோத்துப் பி.எக்ஸ்.இ. என்னும் பெயரில் சாதாரணக் கணினிகளுக்கும் பொதுமையாக்கியது. அதற்கு முற்பட்ட கணினிகளுக்கு ஈதர்பூட் என்னும் இலவச நிரலைச் சில்லிலோ நெகிழ்வட்டிலோ பதித்து அதே வேலையை வாங்கினர்.

நம் நாட்டுக்கு வருவோம். 1990 ஆம் ஆண்டில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கிஹான் டயஸ் அவர்களின் முயற்சியால் இலங்கைக்குரிய எல்.கே. என்னும் இணையப் பெயர்க்களம் பதிவாயிற்று. அவ்வாண்டளவிலேயே லேர்ன் என்னும் கல்வி ஆய்வு வலையமைப்பின் மின்னஞ்சற் சேவையும் தொடங்கியது. அக்கால மின்னஞ்சல் நினைத்தவுடன் போய்ச்சேரவில்லை. கடிதங்களைச் சேர்த்துக் கட்டி, தொலைபேசியில் வெளிநாட்டுக் கணினியை அழைத்து, தபால்பையை மாற்றுவதுபோல மாற்றிக்கொண்டனர். நிலையான இணையத் தொடர்பு வணிக முறையில் இலங்கைக்கு வந்தது 1995 இல். கொழும்புக்கும் மொறட்டுவைக்கும் வந்த கம்பி மலையேறப் பல ஆண்டுகள் சென்றன. அது வியப்பன்று, 1885 இலும் பெரிய பாதை நானுஓயாவில்தான் நின்றது.

இனி, உடப்புசல்லாவையிலோ இராகலையிலோ ஒரு பாடசாலைக்கு, நகரத்து அலுவலகம் ஒன்று கழித்துவிட்ட பழைய சேவையகம் வந்து சேர்கிறது என்று கொள்வோம். 2022 இல் அமெரிக்க டொலரின் விலை இரண்டு மாதங்களுள் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவாக ஏறியபின், புதிய கணினி வாங்குவது எத்தகைய காரியமாயிற்று என்பதை நேயர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வந்த பொறியில் குறுவட்டு இயக்கி பழுது. அல்லது முதலிலிருந்தே இல்லை. யு.எஸ்.பி. வழியே எழ அதற்குத் தெரியாது. இவ்விடத்தில்தான் 1984 இல் வெட்டிய பாதை உயிர் பெறுகிறது. அறையிலுள்ள வேறொரு கணினி சேவையகமாகிறது, இடையே ஓர் ஈதர்நெட் கம்பி, அவ்வளவு போதும்.

பொறி சன் நிறுவனத்தின் ஸ்பார்க் வகையாயின் மற்றொரு சுவையுண்டு. அதற்குத் திரை வேண்டாம். விசைப்பலகை செருகப்படாததைக் கண்டால் தானாகவே தொடர்வாயில் வழியாகப் பேசத் தொடங்கும். விநாடிக்கு 9,600 துணுக்கு வேகத்தில் எழுத்துகள் ஊர்ந்து வரும். எழுப்பும் முன் 'ஓகே' என்ற இரண்டெழுத்தைக் காட்டிக் கட்டளைக்குக் காத்திருக்கும். 'பூட் நெட்' என்று தட்டினால் கம்பியில் கூவத் தொடங்கும். முகவரி கிடைத்ததும், அம்முகவரியின் நான்கு எண்களையும் பதினாறடிமானத்தில் எழுதினால் வரும் எட்டெழுத்தையே கோப்பின் பெயராகக் கொண்டு டி.எப்.டி.பி.யிடம் கேட்கும். இது தெரியாமல் கோப்புக்கு அழகான பெயரிட்டு வைத்துவிட்டு, பொறி ஏன் அசையவில்லை என்று நாள் முழுதும் திகைப்பவர் பலர். சேவையகத்தின் குறிப்பேட்டைத் திறந்து, பொறி எந்தப் பெயரைக் கேட்கிறது என்று பார்ப்பதே குறுக்குவழி.

சிலவேளை பொறி தன்னையே மறந்திருக்கும். அதன் ஈதர்நெட் எண்ணும் வேறு குறிப்புகளும் ஒரு சிறு சில்லில் உள்ளன. அச்சில்லுக்குள்ளேயே மின்கலம் ஒன்று அடைத்து மூடப்பட்டிருக்கிறது. பத்தாண்டளவில் மின்கலம் சாகும். செத்தபின் பொறி தன் எண்ணாக ஒன்றுகளை மட்டுமே காட்டும். எல்லோருக்கும் கேட்கக் கூவும்போது வழங்குகிற பொது எண்ணும் அதுவே! செக்ரோலில் அப்படி ஒரு ஆள் இருக்க முடியாது. ஆகவே முகவரி கிடையாது. பழைய எண்ணை எங்கேனும் குறித்து வைத்திருந்தால் 'ஓகே' வரியில் கையால் எழுதி ஊட்டலாம். இல்லையேல், எட்டு, சுழி, இருபது என்று தொடங்கும் சன் வழக்கையொட்டிப் புதியதொன்றைச் சூட்டலாம். சிலர் சில்லின் மூடியை அறுத்து வெளியே கைக்கடிகார மின்கலம்போன்ற ஒன்றைப் பற்றவைக்கின்றனர். 1960களில் ஆளி தட்டிய இயக்குநரின் வேலையைத்தான் நாமும் செய்கிறோம்.

எம்முறைமையை நிறுவுவது? பழையனவற்றின்மேல் பரிவு காட்டுவதில் நெட்பீ.எஸ்.டி.க்கு இணையில்லை. பேர்க்லி வழியில் 1993 இல் தோன்றிய அது ஐம்பதுக்கும் மேற்பட்ட பொறிவகைகளுக்கு வழங்கப்படுகிறது. அதனின்று 1995 இல் பிரிந்த ஓபன்பீ.எஸ்.டி. காவலில் கண்டிப்பானது, ஆயினும் பராமரிக்க முடியாத பொறிகளை ஒவ்வொன்றாக விட்டுவருகிறது. லினக்ஸ் உலகிலும் அவ்வாறே. 1991 இல் 386 என்னும் சில்லுக்கென்றே லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ், 2012 இறுதியில் அச்சில்லையே கைவிட முடிவுசெய்தது. டெபியன் 2025 ஓகஸ்டில் வெளியிட்ட பதின்மூன்றாம் பதிப்பில் 32 துணுக்குச் சாதாரணக் கணினிகளுக்குரிய நிறுவி இல்லை. டெபியனின் நிறுவி தமிழிலும் வினவும் என்பதை மகிழ்ச்சியோடு சொல்ல வேண்டும். ஆனால் வரைகலைத் திரை இருந்தால் மட்டுமே. தொடர்வாயில் வழியே எழுத்தூரும் பழைய சேவையகத்தில் தமிழ் வராது. மலிவாகக் கிடைத்த பொறியில் படிக்கும் பிள்ளைக்கே தாய்மொழி மறுக்கப்படுகிறது என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

இப்பாதையில் கடவுச்சொல் இல்லை. கூவலுக்கு முதலில் விடை சொல்பவனே கங்காணி. அறையில் டி.எச்.சி.பி. பேசும் வழிப்படுத்தி வேறொன்று இருந்து அது முந்திக்கொண்டால் பொறி திசைமாறும். தீயவன் ஒருவன் முந்திக்கொண்டால், அவன் தரும் முறைமையை நம்பி ஏற்றுக்கொள்ளும். ஆகவே நிறுவும் வேளையில் இரு பொறிகளையும் பிற வலையமைப்பிலிருந்து பிரித்துத் தனிக் கம்பியில் வைப்பதே தக்கது. இணைய வேகம் குன்றிய பள்ளத்தாக்குகளில் இதனால் வேறொரு நன்மையும் உண்டு: கோப்புகளை ஒருமுறை நகரத்தில் இறக்கிக் கொணர்ந்து ஒரு கணினியில் வைத்துவிட்டால், பத்துப் பொறிகளுக்கும் அதிலிருந்தே வழங்கலாம்.

மின்சாரச் செலவையும் மறைக்கக் கூடாது. பழைய சேவையகம் இரைச்சலோடு நூற்றுக்கணக்கான வாட்டு மின்சாரம் உண்ணும். அதன் வேலையை இன்று உள்ளங்கையளவான சிறு கணினி ஒன்று மிகக் குறைந்த மின்சாரத்தில் செய்துவிடும். இரவும் பகலும் ஓடவேண்டிய வேலைக்குப் பழைய பொறியை வைக்கும்படி நான் சொல்லமாட்டேன். ஆனால் 1999 இல் அமெரிக்கர் ஜிம் மக்குயிலன் தொடங்கிய எல்.டி.எஸ்.பி. முறைப்படி, வட்டிழந்த பழைய கணினிகளையெல்லாம் ஒரு நல்ல சேவையகத்திலிருந்து கம்பிவழியே எழுப்பி வகுப்பு நடத்தலாம். பாட நேரம் முடிந்ததும் அணைத்துவிடலாம். சன் நிறுவனம் வட்டின் விலைக்கு அஞ்சிச் செய்ததையே பாடசாலை மீண்டும் செய்கிறது.

நிறுவும் வேலையில் கடைசிப் படியில்தான் பெரிய விபத்து நேர்வது வழக்கம். வினா எதுவும் கேளாமல் வட்டை அழித்து நிறுவும்படி நிறுவியை ஏவி, வலையமைப்பிலிருந்தே முதலில் எழுக என்னும் ஒழுங்கையும் மாற்றாமல் விட்டால், நிறுவல் முடிந்து பொறி மறுபடி எழும்போது மீண்டும் கம்பியில் கூவும். மீண்டும் நிறுவியே வரும். சற்றுமுன் எழுதியதை அழித்து மறுபடி எழுதும். விடியும்வரை இப்படியே நடக்கும். சில மாதம் கழித்து மின்வெட்டுக்குப்பின் எழுந்த சேவையகம் ஒன்று, மறந்துபோன பழைய ஏற்பாட்டால் பிள்ளைகளின் வேலைகள் நிறைந்த வட்டைத் துடைத்துவிடவும் கூடும். எனவே கோப்புகள் இறங்கி, முதன்மைப் பயனரின் கடவுச்சொல்லைக் கேட்கும் கட்டம் வந்தவுடன், சேவையகத்தின் செக்ரோலில் அந்தப் பொறிக்குரிய வரியை அடித்துவிட வேண்டும். எழுப்பும் ஒழுங்கில் வட்டை முதலில் வைக்க வேண்டும். அதன்பின் கம்பியைக் கழற்றிவிட்டு மின்னாளியைப் போட்டுப் பாருங்கள். பொறி யாரையும் கூவி அழைக்காமல், 'ஓகே' என்று நில்லாமல், தன் வட்டிலிருந்தே எழும்.